ஸ்டீராய்டு சாப்பிட்ட பின் ‘பார்டரில்’ வந்த சுகர் ரிப்போர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 16 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட் கொடுப்பதும் என் வேலை. மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. ஆனாலும் உறையைப் பிரித்த கையோடு எல்லோரும் முதலில் கேட்பது எதிரே நிற்கிற என்னைத்தான். “பாப்பா, எனக்குச் சுகர் வந்துவிட்டதா இல்லையா, அதை மட்டும் சொல்” என்று பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் காவேரிப்பட்டணத்திலிருந்தும் வந்த பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ தோல் தடிப்புக்கோ ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு எண் நடுவில் வந்து நின்றால், அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. 2023 டிசம்பரில் என் அம்மாவுக்கே அப்படி வந்தபோதுதான் இதை நான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

‘பார்டர்’ என்று எந்த எண்ணைச் சொல்கிறார்கள்?

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் பார்டர். 126-ஐத் தொட்டால் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் 110-இலிருந்துதான் பார்டர் என்கிறது. அதனால்தான் 104 என்ற எண்ணுக்கு ஒரு கூடத்தில் நட்சத்திரக் குறி விழுகிறது, இன்னொரு கூடத்தில் விழுவதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140 முதல் 199 வரை பார்டர், 200-லிருந்து நீரிழிவு. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5-லிருந்து நீரிழிவு.

இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 140, 200 என்ற அளவுகள் குளுக்கோஸ் கரைசலுக்கு வகுத்தவை. எங்கள் கூடத்துக்கு எதிரே உள்ள கடையில் இரண்டே இட்லி சாப்பிட்டுவிட்டு, “சாப்பிட்டு 2 மணி நேரம் ஆயிற்று” என்று கையை நீட்டுகிறவர்கள் உண்டு. எண் நன்றாக வர வேண்டும் என்ற ஆசைதான் காரணம், எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி வரும் எண்ணால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. வீட்டில் வழக்கமாக என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள். முதல் வாய் எடுத்த நேரத்திலிருந்து கணக்கு வையுங்கள்.

இன்னொன்று: தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறங்குதல் போன்ற அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முத்திரை குத்துவதில்லை. இரண்டு பரிசோதனைகள் ஒத்துவர வேண்டும்.

எனக்குச் சுகரே கிடையாது. மாத்திரை சாப்பிட்டதும் எப்படி ஏறியது?

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைத் தினமும் சுரக்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரை அந்தக் கார்டிசாலின் செயற்கை உறவு. உடல் ஒரு நாளில் சுரக்கும் அளவு, தோராயமாக 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். மூச்சிரைப்பு முற்றியவருக்கு 40 மில்லிகிராம் எழுதுகிறார்கள் என்றால், உடல் பழகியதைப் போல் எட்டு மடங்கு உள்ளே போகிறது என்று பொருள்.

கல்லீரல் ஒரு தானியக் குதிர் போன்றது. ஸ்டீராய்டு அந்தக் குதிரின் வாயைத் திறந்துவிடுகிறது. போதாதென்று புதிதாகவும் சர்க்கரையைத் தயாரிக்கச் சொல்கிறது. தசையும் கொழுப்பும் இன்சுலின் வந்து தட்டினாலும் முன்போல் கதவைத் திறப்பதில்லை. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும்போது, அதன் கையையும் ஸ்டீராய்டு கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. கணையத்தில் தெம்பு நிறைய உள்ளவர் சமாளித்துவிடுகிறார். ஏற்கெனவே களைத்த கணையம் உள்ளவருக்கு எண் ஏறிவிடுகிறது. அதோடு, நோயும் காய்ச்சலும் வலியும் தாமாகவே சுகரைக் கொஞ்சம் ஏற்றக்கூடியவை.

வெறும் வயிற்றில் நார்மல், மதியம் மட்டும் அதிகம். ரிப்போர்ட் தவறா?

தவறு இல்லை. நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

பிரெட்னிசோலோனைக் காலை 8 மணிக்கு, சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்கிறோம். அதன் வேகம் சுகரில் தெரிய 4 முதல் 8 மணி நேரம் ஆகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஏறத் தொடங்கி, மாலை வரை உயர்ந்திருந்து, இரவு தூங்கும்போது இறங்கிவிடுகிறது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் எதுவுமே நடக்காதது போல் 92 என்று வரும். அந்த 92-ஐப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் உறுத்துகிறது.

அம்மாவுக்கு மார்கழிப் பனியில் இளைப்பு அதிகமாகி, 40 மில்லிகிராம் வீதம் 7 நாளைக்கு மாத்திரை. ஐந்தாம் நாள் வெறும் வயிற்றில் 96. “பார்த்தாயா, எனக்கு ஒன்றும் இல்லை” என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. அன்று மதியம் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தேன்: 188. ஒரே நாள், ஒரே ஆள், இரண்டு கதை.

ஆகவே காலையில் ஒரு வேளை மட்டும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் மதிய உணவுக்கு 2 மணி நேரம் பின்போ, இரவு உணவுக்கு முன்போ பார்ப்பதுதான் பயன் தரும். டெக்ஸாமெத்தாசோன் வேறு ரகம். அது உடலில் ஒன்றரை நாளுக்கு மேல் வேலை செய்வதால் வெறும் வயிற்று எண்ணையும் சேர்த்து ஏற்றும். இருவேளை ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படியே.

ஹெச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. இது ஸ்டீராய்டால்தானா?

எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அந்த நாட்களில் ரத்தத்தில் இருந்த சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய அளவுதான் இந்த எண். அதில் பாதியளவு கடைசி ஒரு மாதத்தின் கணக்கு. 7 நாள், 10 நாள் மாத்திரை இதைச் சற்றே அசைக்கும், 5.4-ஆக இருந்ததை 6.2 ஆக்குவது அதற்கு எளிதல்ல. குறுகிய காலம் சாப்பிட்டவருக்கு 6-க்கு மேல் வந்தால், மாத்திரைக்கு முன்பே சுகர் மெல்ல ஏறிக்கொண்டிருந்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகிப்பார். மாறாக, மதியச் சுகர் 240 இருக்கும்போது இந்த எண் 5.4 என்று வந்தால் ஏற்றம் புதியது. சராசரி இன்னும் அதை எட்டிப்பிடிக்கவில்லை. ஸ்டீராய்டு தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவருக்கு ஹெச்பிஏ1சியை மட்டும் நம்பி ‘நீரிழிவு இல்லை’ என்று சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ரத்தசோகையையும் பார்க்க வேண்டும். எங்களிடம் வரும் பெண்களில் ஹீமோகுளோபின் 8, 9 உள்ளவர்கள் சாதாரணம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை ஹெச்பிஏ1சியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், ரத்த இழப்பு ஏற்பட்டவர், தலசீமியா அல்லது அரிவாள் செல் கூறு என்ற பிறவி ரத்தக் குறைபாடு உள்ளவர் ஆகியோருக்கு எண் வேறு வகையில் பிசகும். அம்மாவுக்கு அந்த வாரம் 6.0, ஹீமோகுளோபின் 9.1. இரண்டையும் ஒரே தாளில் பார்த்த டாக்டர், “இந்த 6-ஐ இப்போதைக்கு நம்பவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம்” என்றார்.

எனக்குக் கொடுத்தது ஸ்டீராய்டா என்றே தெரியவில்லையே?

இந்த ஊர்களில் எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு காகித உறையை மேசைமேல் வைப்பார்கள். உள்ளே வெள்ளை மாத்திரை நான்கு, மஞ்சள் இரண்டு, பாதியாக உடைத்தது ஒன்று. உறையின் மேல் காலை, இரவு என்று கோடு மட்டும் போட்டிருக்கும், பெயர் இருக்காது. என் அம்மாவுக்கு முதலில் இளைப்புக்கு மருந்து கொடுத்த இடத்திலும் அப்படித்தான் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டதற்கு “சளி மாத்திரை” என்றார்கள். ஆண்டுக்கு மூன்று முறை அவர் சாப்பிட்ட அந்தச் சளி மாத்திரையில் என்ன இருந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

தருமபுரி மாவட்டத்தில் இதற்கு இன்னொரு வேரும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கும்வரை ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தே வளர்ந்த தலைமுறை நமது. பல்லில் பழுப்புக் கறை மட்டுமா? முதுகும் மூட்டும் இறுகிப்போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வலி பொறுக்காதவருக்கு, போட்டவுடன் எழுந்து நடக்கவைக்கும் ஒரு ஊசி வரமாகத் தெரிகிறது. அதில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கிறது. ‘மூலிகைப் பொடி’ என்று விற்பதிலும் ஸ்டீராய்டைக் கலப்பது உண்டு. இரண்டே நாளில் பசி பெருகி, வலி பறந்து, சில வாரங்களில் முகம் உப்பினால் சந்தேகப்படுங்கள்.

அட்டையில் தேட வேண்டிய பெயர்கள்: பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தாசோன், பீட்டாமெத்தாசோன், டிஃப்ளாசாகார்ட், ஹைட்ரோகார்டிசோன். மில்லிகிராம் சிறியதாக இருந்தால் மருந்தும் லேசானது என்று எண்ண வேண்டாம். பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் செய்யும் வேலையை மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டிஃப்ளாசாகார்ட் 6, டெக்ஸாமெத்தாசோன் வெறும் 0.75 மில்லிகிராமில் செய்துவிடும். இவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். பெயரைக் கேட்பது உங்கள் உரிமை, அட்டையோடு வாங்குங்கள்.

இன்ஹேலர், மூட்டு ஊசி, தோல் களிம்பு இவையும் ஏற்றுமா?

இன்ஹேலரில் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. வழக்கமான அளவில் சுகரை அது பெரிதாக அசைப்பதில்லை. அதற்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்தினால் இளைப்பு முற்றி மாத்திரையில்தான் போய் நிற்கும். முழங்காலிலோ தோளிலோ போடும் ஊசி சில நாட்களுக்கு ஏற்றலாம். களிம்பு, வீரியமானதை உடம்பெல்லாம் வாரக்கணக்கில் பூசினால் ஒழியக் கவலை இல்லை.

சுகர் ஏறுகிறதே, ஸ்டீராய்டை நானே நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் அது உடனே விழிப்பதில்லை. வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அடிக்கடி ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்குக் குறைந்த நாளிலும் இது நேரக்கூடும். படிப்படியாகக் குறைப்பதை டாக்டர்தான் செய்ய வேண்டும். சுகர் ஏறியதற்கு மருந்து உண்டு. மூச்சு நின்றால் அதற்கு மருந்து இல்லை.

ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்ன செய்வது?

ஸ்டீராய்டு தொடங்கும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். சிலருக்குச் சில நாள் இன்சுலின் தேவைப்படும். பலர் மறப்பது அடுத்த கட்டத்தை: ஸ்டீராய்டு குறையும்போது சுகர் மருந்தையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்து, கை நடுங்கி, சுகர் தாழ்ந்துபோகும்.

எப்போது அவசரம்?

சுகர் 300-ஐத் தாண்டினால், தாகம் அடங்காமல் சிறுநீர் ஓயாமல் போனால், வாந்தி வந்தால், பேச்சு குழறினால் அல்லது அரைமயக்கம் கண்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். காலில் ஆறாத புண் இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டீராய்டு, சுகர் இரண்டும் சேர்ந்தால் கிருமிக்கு வசதி.

களி சாப்பிட்டால் சுகர் ஏறாதுதானே? மாம்பழம்?

கேழ்வரகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. நார் இருப்பதால் தீட்டிய அரிசியைவிட நல்லது. ஆனால் அளவில்லாமல் சாப்பிட ஏற்றதல்ல. உழவு வேலைக்குப் போன தாத்தா சாப்பிட்ட உருண்டையை, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாம் சாப்பிட்டால் எண்ணில் தெரியும். பாதி உருண்டை, கீரையோ அவரையோ கொள்ளோ நிறைய என்று வைத்துக்கொண்டால் சரி. மாவைச் சலித்து நீர்க்கக் காய்ச்சிய கூழ் களியைவிட வேகமாக ஏற்றும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் கேழ்வரகை நான் விடச் சொல்லமாட்டேன். ஸ்டீராய்டு எலும்பைத் தேய்க்கும். கேழ்வரகிலோ 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, வேறெந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை.

மாம்பழம் கிருஷ்ணகிரிக்காரரிடம் விடச் சொல்லும் காரியமா? சித்திரை முதல் ஆடி வரை வீடெல்லாம் அந்த மணம்தான். நேரம்தான் முக்கியம். காலை மாத்திரையின் வேகம் மதியம் உச்சியில் இருக்கும்போது, சோற்றுக்கு மேல் ஒரு முழு மாம்பழம் என்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. அந்த நாட்களில் மதியப் பழத்தை விட்டுவிட்டு, காலை உணவில் ஒரு இட்லியைக் குறைத்துக்கொண்டு இரண்டு கீற்று சாப்பிடுங்கள். மாம்பழக் கூழில் செய்த குளிர்பானத்தை மட்டும் தொடவே வேண்டாம்.

மறுபடி எப்போது பார்ப்பது? எப்படி வருவது?

குறுகிய காலம் சாப்பிட்டவருக்கு, நிறுத்திய சில நாட்களிலேயே சுகர் இறங்கிவிடுவது வழக்கம். சில வாரம் கழித்து வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் பாருங்கள். ஹெச்பிஏ1சிக்கு மட்டும் மூன்று மாதம் பொறுத்திருங்கள். அதற்குள் எடுத்தால் பழைய கணக்கும் கலந்தே வரும்.

8 முதல் 10 மணி நேர வெறும் வயிறு போதும். தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. பென்னாகரத்திலிருந்து முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, முந்தைய இரவு 7 மணிக்குச் சாப்பிட்டவர் பகல் 11 மணிக்கு வாடிய முகத்தோடு வந்து உட்காருகிறார். அவ்வளவு நீண்ட பட்டினி தேவை இல்லை. ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். சாதாரணக் குழாயில் வைத்தால் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். 118 என்று இருந்தது இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 105 ஆகிவிடும். சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் மருந்து அதைப் பெருமளவு தடுக்கிறது. அந்த மருந்தும் ஒரு ஃபுளோரைடுதான். நம் எலும்பைக் கெடுத்த பொருள் நம் ரிப்போர்ட்டைக் காப்பாற்றுகிறது என்று ஒவ்வொரு குழாயையும் எடுக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

பணம் ஒரு தடையாக இருந்தால் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வீடு தேடி வந்து சுகரும் ரத்த அழுத்தமும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வருகிற பணியாளரிடம், ஸ்டீராய்டு சாப்பிட்ட விவரத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நார்மலுக்குத் திரும்பிவிட்டால் மறந்துவிடலாமா?

எல்லோருக்கும் ஸ்டீராய்டு சுகரை இவ்வளவு ஏற்றுவதில்லை. உங்களுக்கு ஏற்றியது என்றால், கணையத்தின் கையிருப்பு எவ்வளவு என்று உடலே ஒருமுறை கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. பெற்றோருக்குச் சுகர், கர்ப்பகாலத்தில் சுகர், பின்கழுத்தில் வெல்வெட் போன்ற கருமை இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பார்டரில் நிற்பவரை உணவாலும் நடையாலும் தடுத்து நிறுத்த முடியும். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நம் மக்களிடமே மூன்று ஆண்டுகள் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

டாக்டரிடம் என்ன கொண்டுபோவது?

ரிப்போர்ட், மாத்திரை அட்டை, ஸ்டீராய்டுக்கு முன் எடுத்த பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் அது, ஒரு நோட்டு. அம்மாவுக்கு 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாத்திரையின் பெயர், மில்லிகிராம், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி. அதன் பக்கத்தில் சுகர் எண்ணும் எடுத்த நேரமும். 2024 மார்ச் பக்கத்தில் வெறும் வயிற்றில் 104, குளுக்கோஸ் குடித்து 152, ஹெச்பிஏ1சி 5.9, ஹீமோகுளோபின் 11.4. சோகை தேறியிருந்தது, மாத்திரை நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. எண் பார்டரைவிட்டு இறங்கவில்லை. பழியை முழுக்க ஸ்டீராய்டின் மேல் போட வழியில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து மாலையில் ஏரிக்கரை வரை நடக்கிறார். அடுத்த பனிக்காலத்தில் இளைப்பு வந்தபோது, டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கும் முன்பே அந்த நோட்டை விரித்து மேசைமேல் வைத்தவர் அம்மாதான்.